அசையாமல் உட்காரக் கற்ற நாய்கள்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லி வரும் பேச்சு. பிறவிக் குணத்தை யாராலும் மாற்ற முடியாது என்பதே அதன் பொருள். ஆனால், பிரிட்டனின் வேட்டைக் களங்களில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வரும் ஒரு பயிற்சியின் வரலாற்றைப் பார்த்தால், வால் ஒருபுறம் இருக்கட்டும், நாயின் கால்களையே கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றும். கயிற்றால் அல்ல, பழக்கத்தால்.

இங்கிலாந்தின் ஒரு குளிர்காலக் காலையைக் கற்பனை செய்து பாருங்கள். மரக்கூட்டத்துக்கு மேலாக ஃபெசன்ட் எனப்படும் காட்டுக்கோழி வகைப் பறவைகள் வேகமாகப் பறந்து வருகின்றன. துப்பாக்கி வெடிக்கிறது. ஒரு பறவை முப்பது கெஜ தூரத்தில் பொத்தென்று விழுந்து சிறகடிக்கிறது. துப்பாக்கிக்காரரின் காலடியில் ஒரு கறுப்பு லாப்ரடோர். கழுத்தில் பட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. கண்கள் பறவையின் மேல் ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன. உடம்பு மெல்ல நடுங்குகிறது. ஆனாலும் எழவில்லை. இன்னொரு பறவை விழுகிறது, பிறகு இன்னொன்று. அப்போதும் அது உட்கார்ந்தேயிருக்கிறது. பெயரைச் சொல்லி அனுப்பிய பிறகே அம்பாகப் பாய்ந்து, பறவையைக் கவ்வி, இறகு கலையாமல் கொண்டுவந்து எஜமானரின் கையில் கொடுக்கிறது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இந்த நாய்களுக்கோ, வாய்க்கு எட்டியது வயிற்றுக்கு எட்டக்கூடாது.

இதில் இரண்டு வித்தைகள் இருக்கின்றன. ஒன்று, விழுந்ததை எடுத்து வருவது. மற்றொன்று, அனுப்பும்வரை அசையாதிருப்பது. முதலாவது பாதி பிறவிக் குணம். செருப்பைக் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடாத நாய்க்குட்டி உண்டா? இரண்டாவதோ முழுக்க முழுக்க மனிதன் புகட்டியது. ஓடுவதைத் துரத்து என்று ரத்தம் சொல்கிறது, இரு என்று மனிதன் சொல்கிறான். இந்த இழுபறியில் மனிதன் எப்படி வென்றான், அதற்கு நாய்கள் என்ன விலை கொடுத்தன என்பதுதான் இந்த வரலாறு.

வலை வீசிய காலம்

துப்பாக்கி பரவலாவதற்கு முன்பே இந்தப் பயிற்சி தொடங்கிவிட்டது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் ஜான் கீஸ், இங்கிலாந்தின் நாய்களைப் பற்றி 1570-ல் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 1576-ல் அது ஆங்கிலத்தில் வந்தது. கவுதாரி பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பத்தால் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் நாயைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கிறார். நாய் படுத்தவுடன் வேட்டைக்காரர் வலையை விரித்துப் பறவைகளின் மேல் இழுப்பார். சில சமயம் நாயின் மேலேயே வலை விழும். அப்போதும் அது அசையக்கூடாது. ஒரு முறை துள்ளினாலும் அன்றைய உணவு பறந்துவிடும். செட்டர் என்ற இன்றைய நாய் வகையின் பெயர் இப்படிப் பதுங்கிப் படுத்ததிலிருந்தே வந்தது.

தண்ணீரில் இறங்கி வாத்தை எடுத்து வருவதோடு, குறி தவறிய அம்புகளையும் தேடிக் கொண்டுவந்து கொடுத்த நீர் நாய்களும் அதே நூலில் வருகின்றன. அன்றைக்கு அம்பும் விலையுள்ள பொருள்தான். அடுத்து 1621-ல் ஜெர்வாஸ் மார்க்கம் பறவை பிடிக்கும் கலை பற்றி எழுதிய நூலில், இந்த இரண்டு வகை நாய்களையும் குட்டியிலிருந்து பழக்கும் முறை விரிவாக இடம்பெற்றது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பறக்கும் பறவையைச் சுடுவது இங்கிலாந்தின் செல்வர்களிடையே நாகரிகமானது. அன்றைய துப்பாக்கியில் விசையை அழுத்தியதும் சக்கிமுக்கிக் கல் உரசி, வெளியே கிண்ணத்திலிருக்கும் மருந்து பற்றி, அதன் பிறகே குழலுக்குள் இருக்கும் மருந்து வெடிக்கும். வெளியே தெரியும் பொறியைக் கண்டு பறவை திரும்பிவிடுகிறதே என்று சலித்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் ரசாயன மருந்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் படைத் துப்பாக்கிகளையே மாற்றியமைத்த கண்டுபிடிப்பு அது. அதன் ஊற்றுக்கண் வாத்து வேட்டை என்பது பலருக்குத் தெரியாது.

நாயின் கதைக்கு இதைவிட முக்கியமானது, துப்பாக்கிக்கு மருந்து இடும் நேரம். ஒரு முறை சுட்டால் மறுபடியும் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பை வைத்து, ரவையைப் போட்டு, கோலால் இடித்து முடிக்க வேண்டும். அதற்குள் நாய் விழுந்த பறவையை நோக்கி ஓடினால் என்ன ஆகும்? பக்கத்துப் புல்லில் இன்னும் பதுங்கியிருக்கும் கவுதாரிகள் எல்லாம் கிளம்பிவிடும். எஜமானர் வெறும் குழலுடன் வாய் பார்த்து நிற்க வேண்டியதுதான். ஆகவே வெடிச் சத்தம் கேட்டதும் நாய் இருந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. 'டவுன் சார்ஜ்' என்பது அந்தக் கட்டளை. மருந்து இட்டு முடிக்கும்வரை படுத்திரு என்று பொருள். நாயின் உயிருக்கும் இதில் காப்பு இருந்தது. தாழப் பறக்கும் பறவையைத் துரத்தி ஓடும் நாய்தான் குண்டுக்கு முதல் பலி.

சாட்டையும் ரொட்டித் துண்டும்

அந்தக் காலத்தில் நாய்களைப் பழக்கும் தொழிலுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரே 'டாக் பிரேக்கிங்'. பழக்குவது அல்ல, முறிப்பது. அடியாத மாடு படியாது என்ற நம்பிக்கை நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. காடு காக்கும் பணியாளர்கள் நாய்க்கு ஒரு வயது ஆகும்வரை அதை இஷ்டத்துக்கு ஓட விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் களத்துக்குக் கொண்டுபோய், அது முயலைத் துரத்தினால் சாட்டை, பறவையைத் துரத்தினால் சாட்டை. உட்பக்கம் முள் வைத்த கழுத்துப் பட்டைகளும் இருந்தன. பறவையை அழுத்திக் கடிக்கும் நாய்க்கு, கூரான ஊசிகள் செருகிய பொம்மையைக் கவ்வக் கொடுத்த பழைய பயிற்சியாளர்களும் உண்டு. இதில் ஓடிப்போன நாய்களும், துப்பாக்கியைக் கண்டாலே குலை நடுங்கிப் பயனற்றுப்போன நாய்களும் கணக்கில் வரவில்லை.

1848-ல் ஒரு ராணுவ அதிகாரி இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். பெயர் ஹட்சின்சன். அவருடைய நூலின் தலைப்பும் 'டாக் பிரேக்கிங்'தான். பெயர் பழசு, சரக்கு புதிது. களத்துக்குப் போவதற்கு முன்பே, வீட்டிலும் முற்றத்திலும் பாடங்களைத் தொடங்கிவிட வேண்டும் என்றார் அவர். நாயின் முன்னால் ஒரு ரொட்டித் துண்டை வைத்து, நில் என்று சொல்லி, அனுமதி கொடுத்த பிறகே தின்னவிட வேண்டும். ரொட்டியின் முன்னால் நிற்கக் கற்ற நாய் கவுதாரியின் முன்னாலும் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. கத்திக் கூப்பாடு போடாமல் கையசைவால் ஏவ வேண்டும் என்பதும் அவர் பாடம்.

ஹட்சின்சனை அகிம்சையின் தூதராக்கிப் பேசுவது மிகை. சாட்டையை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால், தண்டனைக்கு முன்னால் புரிதல் வேண்டும், நாய்க்கு எது தவறு என்றே தெரியாமல் அதை அடிப்பது வீண் என்று அச்சில் அழுத்திச் சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்.

அதே காலகட்டத்தில் துப்பாக்கி மறுபடியும் மாறியது. பின்பக்கம் திறந்து தோட்டா போடும் பிரெஞ்சுத் துப்பாக்கிகள் 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பிரிட்டிஷ்காரர்களின் கவனத்தை ஈர்த்தன. நொடிகளில் மறுபடியும் சுடலாம். படுத்துக் காத்திருக்கும் சட்டத்துக்கு இனி வேலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ நேர்மாறு. வேகமான துப்பாக்கி வந்ததும் வேட்டையின் முறையே மாறிவிட்டது. வேட்டைக்காரர் பறவையைத் தேடி நடப்பதற்குப் பதிலாக ஓரிடத்தில் நின்றார். ஆட்கள் தடிகளோடு காட்டைத் தட்டிப் பறவைகளை அவர் தலைக்கு மேல் விரட்டினார்கள். இயந்திரத்தால் அறுவடை செய்த வயல்களில் தாள் குட்டையாகிவிட்டதால் கவுதாரிகள் பதுங்க இடம் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம்.

இந்தப் புதிய முறையில், ஒரு விரட்டு முடியும்வரை பத்து, இருபது பறவைகள் நாயைச் சுற்றி மழைபோல் விழும். அத்தனையையும் பார்த்துக்கொண்டு அது சும்மா இருக்க வேண்டும். முன்பு அரை நிமிடம் படுத்திருந்தால் போதும். இப்போது அரை மணி நேரம்! தேடிக் காட்டும் பாயின்டருக்கும் செட்டருக்கும் மவுசு குறைந்தது. எடுத்து வருவதற்கென்றே ரிட்ரீவர் என்ற தனிச் சாதி வளர்ந்தது.

வேல்ஸ் இளவரசர் 1862-ல் வாங்கிய சான்ட்ரிங்ஹாம் பண்ணையில், பகல் வெளிச்சத்தில் கூடுதல் நேரம் சுட வேண்டும் என்பதற்காகக் கடிகாரங்களை அரை மணி முன்னதாக ஓட விட்டார்கள். அந்த வேடிக்கை 1936 வரை நீடித்தது. 1913 டிசம்பரில் ஹால் பார்ன் என்ற பண்ணையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 3,900-க்கும் மேற்பட்ட ஃபெசன்ட் பறவைகள் சுடப்பட்டன. இதை விளையாட்டு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் இந்தப் பெருங்கொலைக் களங்களில்தான், சாகாமல் காயத்தோடு புதருக்குள் ஓடிய பறவைகளைத் தேடி எடுத்து அவற்றின் துன்பத்தை முடித்துவைக்கும் பொறுப்பு நாய்களிடம் வந்து சேர்ந்தது. நல்ல நாய் இல்லாத இடத்தில் அவை நாள்கணக்கில் துடித்துச் சாக வேண்டும்.

அந்த வேலைக்கு ஏற்ற ரத்தத்தையும் தேடினார்கள். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்நீரில் வேலை செய்து, மீன் கப்பல்களில் இங்கிலாந்து வந்து இறங்கிய கறுப்பு நாய்களைப் பற்றிக் கர்னல் பீட்டர் ஹாக்கர் 1814-லேயே எழுதிவிட்டார். மாம்ஸ்பரி பிரபுவும் பக்லூக் கோமகனும் அந்த வம்சத்தைப் பேணி வளர்த்தார்கள். ஊர் நியூஃபவுண்ட்லாந்து, பெயர் மட்டும் லாப்ரடோர்! ஸ்காட்லாந்தின் கிசகன் பண்ணையில் ட்வீட்மவுத் பிரபு 1865-ல் வாங்கிய நூஸ் என்ற மஞ்சள் நாயை 1868-ல் பெல் என்ற நீர் ஸ்பேனியலோடு சேர்த்தார். பிறந்த நான்கு மஞ்சள் குட்டிகளின் வழியில் வந்தவையே இன்றைய கோல்டன் ரிட்ரீவர்கள். ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்தவை என்று நெடுங்காலம் உலவிய கதை, பிரபுவின் சொந்தக் குறிப்பேடு 1952-ல் அச்சில் வெளிவந்ததும் அடிபட்டுப் போனது.

நாய்களைக் களத்திலேயே சோதிக்கும் போட்டிகளும் தொடங்கின. 1865-ல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் பாயின்டர், செட்டர்களுக்கு முதல் போட்டி. 1871-ல் வேல்ஸின் வைனல் பூங்காவில் ரிட்ரீவர்களுக்கு. 1899-ல் ஸ்பேனியல்களுக்கு. இவற்றின் விதிகள் இன்றும் கறாரானவை. ஏவாமல் ஓடினால் வெளியேற்றம். பொறுமை இழந்து முனகினாலோ குரைத்தாலோகூட வெளியேற்றம். நாய் கொண்டுவந்த பறவையை நடுவர் உள்ளங்கையில் வைத்து விரல்களால் விலா எலும்புகளைத் தடவிப் பார்ப்பார். நாயின் பல்லால் நொறுங்கியிருந்தால் அதற்கும் வெளியேற்றம்தான். வாய் மென்மையாக இருக்க வேண்டும் என்பதில் சமரசமே இல்லை.

போலோவின் கதை

முறிப்பதற்கும் பழக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே நாயின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால், பாஞ்சரி போலோவைப் பார்க்க வேண்டும். 1915-ல் பிறந்த கறுப்பு லாப்ரடோர் அது. நல்ல வம்சம். ஆனால் பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் அடங்காப் பிடாரி என்று பெயர் வாங்கி, ஒன்றுக்கும் உதவாது என்று கைவிடப்பட்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-ல், திருமதி குவின்டின் டிக் என்ற பெண்மணியிடம் அது வந்து சேர்ந்தது. பின்னாளில் லோர்னா, ஹவ் சீமாட்டி என்று நாய் உலகம் முழுவதும் அறியப்பட்டவர் அவர்தான்.

வந்தபோது நாய் முரட்டுத்தனம் காட்டவில்லை, அச்சத்தில் இருந்தது. இது ஒரு நுட்பமான வேறுபாடு. முரடன் என்று பார்த்தவர்கள் அடித்தார்கள், பயந்தவன் என்று கண்டுகொண்டவர் காத்திருந்தார். அதன் நம்பிக்கையைப் பெற்ற பிறகுதான் அவர் பாடங்களை ஆரம்பித்தார். பிறகு நடந்தது சாதனை ஏடுகளில் இருக்கிறது. அழகுக் கண்காட்சியிலும் களப் போட்டியிலும் ஒருசேரச் சாம்பியன் பட்டம் வென்ற முதல் லாப்ரடோர் போலோதான். அதன் ரத்தம் பின்னர் வந்த எத்தனையோ லாப்ரடோர்களில் ஓடியது. ஊதியம் வாங்கும் பயிற்சியாளர்கள் கழித்துக் கட்டிய நாயை ஒரு பெண் மீட்டெடுத்தது அன்றைய வேட்டை உலகத்துக்குக் கொஞ்சம் சங்கடமான பாடமாகத்தான் இருந்திருக்கும்.

போருக்குப் பின் பெரிய பண்ணைகள் பல சுருங்கின. சம்பளத்துக்கு ஆள் வைத்து நாய் பழக்கிய காலம் போய், ஒரே நாய் வைத்திருக்கும் சாதாரண வேட்டைக்காரர் தானே பழக்கும் காலம் வந்தது. அவர்களுக்காகவே பீட்டர் மாக்சன் போன்றவர்கள் 1950-களில் எளிய நடையில் நூல்கள் எழுதினார்கள்.

அமெரிக்காவில் வேறு சிக்கல். அங்கே வாத்து வேட்டை பரந்த ஏரிகளில் நடப்பதால், நாய் பார்க்காத இடத்தில் பறவை விழும். ஸ்காட்லாந்திலிருந்து அங்கே போன டேவ் எலியட் என்ற பயிற்சியாளர், ஆடு மேய்க்கும் நாய்களை மேய்ப்பர்கள் தூரத்திலிருந்து விசிலால் திருப்புவதைக் கவனித்து, அதையே ரிட்ரீவர்களுக்குக் கொண்டுவந்தார். ஒரு விசில் ஊதினால் நாய் ஓடும் ஓட்டத்தில் நின்று, திரும்பி உட்கார்ந்து எஜமானரைப் பார்க்கும். அவர் கையைக் காட்டும் திசையில் இடமோ வலமோ பின்னாலோ போகும். அசையாமையின் உச்சம் இதுதான். காலடியில் உட்காருவதை விட, இருநூறு கெஜத்துக்கு அப்பால் வெறியோடு ஓடும்போது உட்காருவது பல மடங்கு கடினம் அல்லவா?

1952, 1953 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்ற கிங் பக் என்ற லாப்ரடோர், வாயில் ஒரு வாத்தோடு 1959-ஆம் ஆண்டின் வாத்து வேட்டை முத்திரைத் தலையில் இடம்பெற்றது. பறவைகளுக்கே உரிய அந்த முத்திரைத் தலையில் நாய்க்கு முதன்மை இடம் கொடுத்தது விதிவிலக்கு. காரணம் விளம்பரம் அல்ல. சுட்ட பறவையை எடுக்காமல் விட்டுவிட்டு இன்னொன்றைச் சுடும் வீண் விரயத்தை ரிட்ரீவர் குறைக்கும் என்பதை வேட்டைக்காரர்களுக்கு உணர்த்தத்தான்.

இன்றைய பயிற்சி எப்படி நடக்கிறது? குட்டிக்கு முதல் வகுப்பறை வீட்டின் நடைவழி. சுருட்டிய காலுறையை வீசினால் கவ்விக்கொண்டு திரும்பிவர வேறு வழி இருக்காது. பிறகு கித்தான் துணியில் செய்த உருளை. உட்கார வைத்து, வீசி, காத்திருக்க வைத்து, அனுப்புவார்கள். அனுபவசாலிகளின் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. வீசியதில் பாதியைப் பயிற்சியாளரே நடந்து போய் எடுத்து வருவார், நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். விழுவதெல்லாம் தனக்கு அல்ல என்று அது அப்படித்தான் கற்கிறது. வெடிச் சத்தத்தைத் தூரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். வேலியிட்ட இடத்தில் உயிருள்ள முயல்களுக்கு நடுவே நடத்திச் செல்வதும் உண்டு. ஒவ்வொரு படியும் வாரக்கணக்கில் எடுக்கும். அவசரக்காரர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

அவசரக்காரர்களின் கையில் சாட்டைக்குப் பதிலாக இப்போது மின்பட்டை இருக்கிறது. தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்சாரம் பாயும் பட்டை அது. அமெரிக்காவில் வேட்டை நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் அதை வெளிப்படையாகவே பயன்படுத்துகிறார்கள். வேல்ஸ் 2010-ல் அதைச் சட்டப்படி தடை செய்தது. முள்பட்டைக்கும் மின்பட்டைக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஹட்சின்சன் கிளப்பிய வழக்கில் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

பறவை வேட்டையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கும் இந்தப் பரம்பரையால் பலன் கிடைத்திருக்கிறது. ஏவினால் ஓடி, நிறுத்தினால் நின்று, மனிதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லாப்ரடோர்கள்தான், பார்வையற்றோருக்கு வழிகாட்டியாகவும் சுங்கத் துறைகளில் மோப்ப நாய்களாகவும் பணியாற்றுகின்றன. மலேசியர்களுக்கு லக்கி, ஃபுளோ என்ற பெயர்கள் மறந்திருக்காது. வட அயர்லாந்தில் பயிற்சி பெற்ற அந்த இரண்டு கறுப்பு லாப்ரடோர்கள் 2007 மார்ச்சில் இங்கே கொண்டுவரப்பட்டு, உள்நாட்டு வாணிப, பயனீட்டாளர் விவகார அமைச்சின் அதிகாரிகளோடு ஜொகூர் பாருவில் கள்ளத் திரைப்பட வட்டுகளை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தன. கள்ள வட்டுக் கும்பல் அவற்றின் தலைக்கு விலை வைத்திருப்பதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அதே ஆண்டில் அவற்றுக்குப் பதக்கமும் அணிவிக்கப்பட்டது. பதக்கத்தின் அருமை நாய்களுக்கு எங்கே தெரியும்? இத்தகைய மோப்ப நாய்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் கூலி, ஓடிப் போய்க் கவ்விக்கொண்டு வர ஒரு டென்னிஸ் பந்து.